மறு: பெர்ட்டர்பேஷன் பயிற்சிக்குத் தமிழ்ச் சொல் – ‘ஊன்றடிப் பயிற்சி’

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாம் தொகுத்து வரும் பக்கவாத மறுவாழ்வுச் சொற்பட்டியலில் இழுபறியாக நிற்பது, நோயாளியை வேண்டுமென்றே ஆட்டிவிட்டு நிலையை மீட்கப் பழக்கும் ‘பெர்ட்டர்பேஷன் பயிற்சி’ ஒன்றுதான். பேராசிரியர் ஐயா ‘உலைவுப் பயிற்சி’ என்றார்கள். யாழ்ப்பாணத்து மருத்துவர் அம்மா ‘தடுமாற்றப் பயிற்சி’ என்றார்கள். இளைய நண்பர் ஒருவர் ‘வீழ்தடுப்புப் பயிற்சி’ என்று எழுதியிருந்தார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடுகளுக்குப் போய் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள் நான். என் பங்குக்கு ‘ஊன்றடிப் பயிற்சி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

மருத்துவம் சாராதவர்களும் இங்கே இருப்பதால், அந்தப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நோயாளி நிற்பார். இடுப்பில் பிடிப்பட்டை கட்டியிருக்கும். வசதியுள்ள மையங்களில் கூரையிலிருந்து தொங்கும் காப்புப் பட்டையும் உண்டு. பயிற்சி தருபவர் சொல்லாமல் கொள்ளாமல் தோளிலோ இடுப்பிலோ தள்ளுவார். அல்லது தன் கைமேல் சாயச் சொல்லிவிட்டுச் சட்டெனக் கையை எடுப்பார். தள்ளு சிறிதென்றால் கணுக்காலும் இடுப்புமே உடலை நிமிர்த்திவிடும். சற்றுப் பெரிதென்றால் அவை போதா. ஒரு கால் முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ போய்த் தரையில் ஊன்ற வேண்டும். நலமாக இருப்பவருக்கு இது நினைக்கும் முன்பே நடந்து முடிந்துவிடும். பக்கவாதம் வந்தவருக்குக் கால் கிளம்பவே தாமதமாகிறது. கிளம்பினாலும் பாதம் தரையில் உரசுகிறது. ஊன்றினாலும் முழங்கால் மடங்கிப் போகிறது. எடை முழுவதும் நல்ல காலிலேயே இருப்பதால் அந்தக் காலை எளிதில் தூக்கவும் முடியாது. அதைத் தூக்க வேண்டுமானால் வாதப்பட்ட கால் அந்தக் கண நேரத்துக்காவது உடலைத் தாங்கியாக வேண்டும். பயிற்சியின் பாடு முழுவதும் இங்கேதான்.

பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார்கள்:

> ‘சமநிலைப் பயிற்சி’ என்ற சொல்லே போதாதா? தனிச்சொல் எதற்கு?

போதாது ஐயா. சமநிலையை அளக்க 1989இல் வந்த பெர்க் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 14 செயல்கள், மொத்தம் 56 புள்ளிகள். உட்கார்ந்து எழுவது, திரும்பிப் பார்ப்பது, தரையில் கிடப்பதை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் அதில் உண்டு. எல்லாமே நோயாளி தானாக எண்ணித் தொடங்குபவை. எதிர்பாராத நேரத்தில் ஆட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றுகூட அதில் இல்லை. மினி-பெஸ்டெஸ்ட் என்ற இன்னொரு சமநிலை அளவுகோலில் அது இருக்கிறது. முன், பின், பக்கவாட்டு என்று திசை திசையாகப் பார்க்கிறார்கள். பெர்க்கில் நல்ல புள்ளி வாங்கியவர் அங்கே ஒரு அடி எடுக்க முடியாமல் பயிற்சியாளர் கையில் சாய்வதுண்டு. இரண்டும் வேறு வேறு திறன்கள், ஆகவே வேறு வேறு சொற்கள் வேண்டும். அந்தச் சோதனைப் பகுதிக்கு நம் வரைவில் இப்போது இருப்பது ‘ஈடுசெய் அடியெடுப்புத் திருத்தம்’. அகராதிப்படி சரிதான். ஆனால் நோயாளியிடம் சொல்ல ஆகாது.

‘உலைவு’ நல்ல சொல். இயற்பியலில் ஏற்கெனவே புழங்குகிறது. ஆட்டிவிடும் அந்த விசைக்கு, கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. பயிற்சியின் பெயருக்கு மட்டும் வேண்டாம். உலைவு என்பது பயிற்சியாளர் செய்வது. நோயாளி கற்றுக்கொள்வது அதுவன்று. ‘தடுமாற்றப் பயிற்சி’க்கும் இதே குறைதான். ஒருவர் எதை இழந்தாரோ அதையே பயிற்சிக்குப் பெயராக வைப்பது எனக்கு உவப்பாயில்லை.

‘வீழ்தடுப்பு’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து நாளாகிவிட்டவர்களிடம் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு எதிர்வினைத் திறன் கூடியிருந்தது. ஆனால் வழக்கமான சமநிலைப் பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, அடுத்து வந்த ஓராண்டில் விழுந்த கணக்கில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விழுவதற்குக் காரணம் கால் மட்டுமா? இரவு வெளிச்சம், தூக்க மாத்திரை, பார்வை, ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் மூளைக் குறை, கழிவறைக்கு அவசரமாக ஓடுவது எல்லாம் சேர்ந்ததுதான் விழுகை. ‘வீழ்தடுப்பு’ என்று பெயரிட்டால், ‘பயிற்சிதான் எடுத்தாச்சே’ என்று குளியலறைக் கைப்பிடியைப் பொருத்தாமல் விட்டுவிடுவார்கள். அச்சொல்லை இவை அனைத்தையும் உள்ளடக்கிய முழு ஏற்பாட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

இனி ‘ஊன்றடி’. இதை நான் புதிதாகக் கட்டவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் கிடைத்ததுதான். எலும்பு முறிந்தவரிடம் ‘காலை ஊணாதீக’ என்கிறோம். நடக்கத் தொடங்கியவரிடம் ‘நல்லா ஊணி நடங்க’ என்கிறோம். ஊன்றுகோல் இங்கே ‘ஊணுகம்பு’. ஆச்சி நிலைப்படியில் தடுக்கியதை வீட்டார் சொல்வது இப்படி இருக்கும்: ‘விழப் பாத்தாக, சட்டுனு காலை ஊணிட்டாக.’ ஆய்வுக் கட்டுரைகள் பத்தி பத்தியாக விளக்கும் நிகழ்வு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஊன்று, அடி இரண்டும் சேர்ந்தால் ஊன்றடி. ஊன்றுகோல் போலவே வினைத்தொகை.

எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அடியின் அருமை தெரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துடைத்து வழவழப்பாகியிருக்கும். முற்றத்தில் மழை பெய்தால் சுற்றியுள்ள தாழ்வாரம் வரை ஈரம். வீட்டின் ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போக உயரமான நிலைப்படிகளைத் தாண்ட வேண்டும். முற்றத்து ஓரத்தில் திடீரென ஒரு படி இறங்கும். பிடித்துக்கொள்ளத் தூண் இருக்கிறதே என்பார்கள். பர்மாத் தேக்குத் தூணை இரண்டு கையாலும் அணைக்கலாம். தடுமாறும் நேரத்தில் ஒரு கை விரலுக்குள் அது அடங்காது, அதிலும் மற்றக் கை செயலிழந்திருக்கும்போது. அப்போது காப்பது ஒரு அடிதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் துணைக்கு இருக்கும் ஒரு பெண்ணோடு வாழும் முதியவர்கள் இங்கே நிறைய. நம் சொற்பட்டியலை வைத்து அச்சிடப் போகும் கையேட்டைப் படிக்கப் போவது அந்தப் பெண்தான். அவர் வாயில் புழங்குகிற சொல்லாக அது இருக்க வேண்டும்.

இதையொட்டி ஒரு முக்கியமான கவலை. தனிமடலில் ஒருவர் ‘தள்ளுப் பயிற்சி’ என்று எளிமையாக வைக்கலாமே என்றார். தயவுசெய்து வேண்டாம். கையேடு வீட்டுக்குப் போகும். அதைப் படித்துவிட்டுப் பேரன் தாத்தாவைத் தள்ளிப் பார்ப்பான். வாதப்பட்ட பக்கத்து எலும்பு நாளடைவில் வலுவிழந்திருக்கும், விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் படுக்கைதான். தேர்ந்தவர் உடனிருந்து, பட்டை பிடித்துச் செய்ய வேண்டிய பயிற்சி இது. பெயர் அடியைச் சொல்ல வேண்டும், தள்ளலைச் சொல்லக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

சொல்லின் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். தடுமாறும்போது உடல் செய்யும் மீட்பு அடியெடுப்பு மட்டுமன்று. கணுக்காலால், இடுப்பால் நிமிர்வதும் உண்டு, கையால் எட்டிப் பிடிப்பதும் உண்டு. ஊன்றடி என்ற சொல் அவற்றைத் தழுவாது. ஆயினும் பக்கவாதத்தில் பெரிதும் பழக்க வேண்டியிருப்பது அடி என்பதால், பெரும்பகுதியைக் கொண்டு முழுமைக்குப் பெயரிடுவது தகும் என்று எண்ணுகிறேன். ‘அடி’ என்றால் உதை என்று பொருள் கொள்ள மாட்டார்களா என்றும் கேட்கலாம். ‘ஒரு அடி எடுத்து வைங்க’ என்பதை இதுவரை யாரும் அப்படிப் புரிந்துகொண்டதில்லை.

கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன: முன் ஊன்றடி, பின் ஊன்றடி, பக்க ஊன்றடி. ஒரே அடியில் நிலைகொள்ளாமல் சின்னச் சின்னதாகப் பல அடி எடுப்பதற்குத் தொடர் ஊன்றடி. மினி-பெஸ்டெஸ்ட் பகுதியின் தலைப்பு ‘ஊன்றடிச் சோதனை’ ஆகிவிடும்.

கையால் எட்டிப் பிடிக்கும் எதிர்வினைக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ‘பற்றல்’ என்றால் தீப்பற்றுவது முன்னே வந்து நிற்கிறது, ‘பிடிமானம்’ என்றால் கைப்பிடிக் கம்பியோடு குழம்புகிறது. மருத்துவர் அம்மா, உங்கள் பக்கம் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். ஊன்றடிக்கு மறுப்பு இருப்பவர்கள் கையேடு அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிட்டால் நல்லது.