நல்ல அதிகாரி மாறிப்போனால் சீர்திருத்தம் நிற்குமா?

இளநிலை உதவியாளர்:
அரசுப் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சியில் உருமாற்றத் தலைமை, அதாவது ஊழியர்களுக்கு ஊக்கம் தந்து அலுவலகத்தையே மாற்றிவிடும் தலைமை, பற்றி ஒரு நாள் முழுதும் பாடம் எடுத்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கும் அப்படி ஒருவர் வந்தார், கோப்புகள் பறந்தன. எட்டே மாதத்தில் அவருக்கு மாறுதல். இப்போது பழைய கதைதான். ஆளோடு போய்விடாத சீர்திருத்தத்தை யாராவது கண்டதுண்டா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
கண்டிருக்கிறேன், தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆயிரம் மாத்திரை டப்பாவைத் திறந்து, எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் நமுத்துப்போகும். யாரும் கேட்காத டானிக் அலமாரி நிறைய இருக்கும். காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிவரும் தாயிடம் "மருந்து இல்லை" என்போம். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

1994-இல், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தர, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் வந்தது. முதல் மேலாண் இயக்குநர் பூரணலிங்கம் ஐ.ஏ.எஸ். வாங்கும் மருந்துகளின் பட்டியல் 300-க்கும் கீழே சுருங்கியது. மாத்திரைகள் அரசு முத்திரையுடன் அட்டையில் வந்தன. வெளியே விற்க முடியாது. ஒன்றாகத் தயாரான ஒவ்வொரு மருந்துத் தொகுதியிலும் (batch) மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே கிடங்கிலிருந்து மருந்து வெளியேறும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது பாஸ்புக். எங்கள் மருத்துவமனைக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் இருக்கும். அந்தத் தொகைக்குள் எங்களுக்குத் தேவையானதை மாவட்டக் கிடங்கில் நாங்களே எடுத்துக்கொள்ளலாம். எங்களை நம்பிக் கொடுத்த முதல் புத்தகம் அது. இயக்குநர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். நான் ஓய்வுபெறும் வரை பாஸ்புக் மாறவில்லை.

கணக்குத் துறை ஊழியர்:
கேரளமும், 2011-இல் ராஜஸ்தானும் இதே மாதிரியில் கழகம் அமைத்தன. ஆனால் ஒன்று: பழைய கொள்முதலில் ஆதாயம் கண்டவர்களை எதிர்த்து நிற்க முதலில் ஒரு துணிச்சல்காரர் வேண்டும். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
உண்மைதான், குறைக்கவில்லை. தம்பி, உங்கள் அதிகாரி காலத்தில் கோப்புகள் எப்படி நகர்ந்தன?

இளநிலை உதவியாளர்:
தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொருவரையும் அழைத்து, நிலுவையை அவரே கேட்பார், அம்மா. எழுதிவைத்தது எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
அவர் கேட்ட கேள்விகள் உங்களுக்கு நினைவிருக்கும். இன்றே ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். உங்கள் மேசையின் நிலுவையை முதலில் பதியுங்கள்.