பேப்பர்ல வெள்ளையா விட்ட இடத்துல அம்மாவுக்கு மட்டும் ஆள் தெரியுது, எப்பிடி?

பனிமலை_தங்கச்சி:
நாங்க இலங்கைல ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். போன வாரம் எங்க மலைய காலைப் பனியோட வாட்டர் கலர்ல வரைஞ்சேன், மேல லயத்துத் (தோட்டத்து வரிசை வீடு) தகரம் ஒரு கோடு, கீழ தேயிலை நிரை ரெண்டு மூணு, நடுவுல பேப்பர அப்பிடியே வெள்ளையா விட்டுட்டு ஓரமா மூணு வளைஞ்ச கோடு மட்டும் இழுத்தேன். சேர் பாத்துட்டு இன்னும் முடிக்கலையேன்னாரு. கொழும்புல இருந்து வந்த சித்தி மகன் மேகமான்னு கேக்குறான். ஆனா 30 வருஷம் கொழுந்து எடுத்த அம்மா பாத்த ஒடனே "மூணு பேரு நிக்கிறாளுக, நடுவுல உள்ளவளுக்கு கூடை நெறஞ்சிருச்சு"ன்னு சொல்றாங்க. நான் கூடையே வரையல! அப்ப அத வரைஞ்சது நானா, அம்மாவா?

மசாலாடீ:
ரெண்டு பேருந்தான் தங்கச்சி. ஜப்பான்ல ஹசேகவா தோஹாகுன்னு ஒருத்தர் 16ம் நூற்றாண்டு கடைசில பைன் மரம் வரைஞ்சிருக்காரு, ஆறு மடிப்பு ஸ்கிரீன் ரெண்டு, மை மட்டுந்தான். அதுல பனின்னு நாம பாக்குறது வெறும் பேப்பர். முன்னால உள்ள மரத்த அழுத்தியும் பின்னால உள்ளத மங்கலாவும் போட்டு வச்சாரு, மிச்சத்த நம்ம கண்ணு பாத்துக்குது. தேடிப் பாருங்க, நம்ம ஊரு காலை மாதிரியே இருக்கும்.

கவ்வாத்து:
பாக்குறவங்க எல்லாம் ஒரே மாதிரி முடிக்கிறதில்ல, அதையும் சொல்லணும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல வரைஞ்ச சூரிய உதயப் படத்த போன்ல கறுப்பு வெள்ளையா மாத்துங்க, அந்த செம்மஞ்சள் சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிரும், ஏன்னா சூரியனுக்கும் சுத்தி உள்ள வானத்துக்கும் நெறந்தான் வேற, வெளிச்சம் ஏறக்குறைய ஒண்ணு. அது கண்ணோட வேலை, கொழும்புத் தம்பிக்கும் அம்மாவுக்கும் ஒண்ணுதான். கூடை அப்பிடி இல்ல. நெறஞ்ச கூடைக் கயிறு தலைய பின்னால இழுக்கும், அதுக்கு எதிரா கழுத்து முன்னால வரும், அது சுமந்தவங்க ஒடம்புக்குத் தெரியும். ஆனா கோட்டுல அந்த வளைவு இல்லேன்னா அம்மாவாலயும் பாத்திருக்க முடியாது, அதனால எல்லாத்தையும் அவங்க தலையில கட்டிராதீங்க. வேற கொழுந்து எடுக்குறவங்க யாருக்காவது ஒண்ணும் சொல்லாம காட்டிப் பாருங்க.

பனிமலை_தங்கச்சி:
பக்கத்துக் காம்பிரா பெரியம்மாகிட்ட காட்டினேன் அண்ணே. கூடையச் சொன்னாங்க, அதோட கடைசில நிக்கிறவ படங்கு (நனையாம இருக்க இடுப்புல கட்டுறது) கட்டாம வந்திருக்கா, நனையப் போறான்னும் சொன்னாங்க. படங்க பத்தி நான் நெனைக்கவே இல்ல. ஒரு கோடும் கூட்டாம நாளைக்கு சேர்கிட்ட இப்பிடியே குடுக்குறேன்.