விண்டோஸ் 11 சின்னம் வந்து வந்து மறைகிறது: 2009-ஆம் ஆண்டுக் கணினிக்கு வழி உண்டா?

வளவு வீட்டுக்காரி, கானாடுகாத்தான்:

வணக்கம். எங்கள் வளவு வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. ஓடு மாற்றுவது, சுண்ணாம்புப் பூச்சு, காவல்காரர் சம்பளம், முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புச் செலவு எல்லாவற்றுக்கும் பங்குவாரியாகக் கணக்கு உண்டு. அப்பச்சி 2009-இல் வாங்கிய கணினியில் எழுதிவந்தார்கள். அவர்கள் காலமானபின் நான் எழுதுகிறேன்.

கணினியின் செயலி (பிராசசர்) கோர் 2 டுவோ இ7500. நினைவகம் 2 ஜிபி, ஹார்டு டிஸ்க் 320 ஜிபி, விண்டோஸ் 7. குரோம் உலவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. வங்கியின் தளம், உலவி பழையது என்று உள்ளே விட மறுக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ரூஃபஸ் என்ற மென்பொருளால் ஒரு பென் டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றித் தந்தான். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு ஆகிய சோதனைகளை நீக்கும் கட்டத்தில் டிக் அடித்துத்தான் செய்தான். ஆனால் அதிலிருந்து தொடங்கினால் நீல நிறச் சின்னம் வருகிறது, திரை இருண்டுவிடுகிறது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் 7 வழக்கம்போல வருகிறது.

2012-இல் வாங்கிய ஒரு மடிக்கணினியும் இருக்கிறது. ஐ5-3210எம், 4 ஜிபி. அதில் விண்டோஸ் 10 ஓடுகிறது, ஆனால் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது.

கடையில் கேட்டேன். இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். அப்பச்சி எழுதிய பதினைந்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. அதை நினைத்தால் கையே ஓடவில்லை. படைப்புக்கு முன்னால் கணக்கை அச்செடுத்துப் பங்காளிகளுக்குக் கொடுத்தாக வேண்டும். மதர்போர்டு போய்விட்டதா?

தேவகோட்டை ஆசிரியர்:

பயப்பட வேண்டாம் அம்மா. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) ஒரே ஒரு மதிப்பைச் சேர்த்தால் ஆதரவில்லாத செயலிகளிலும் விண்டோஸ் 11-க்கு மாறலாம். மைக்ரோசாப்ட் நிறுவனமே வெளியிட்ட வழி அது. என் கணினியில் அப்படித்தான் மாற்றினேன். அதை முயன்று பாருங்கள்.

செக்காலை மெக்கானிக், காரைக்குடி:

ஆச்சி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 எந்தப் பகுதியில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரைவரை போனதா? அதற்கு முன்பே நின்றுவிட்டதென்றால் உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. எப்படியானாலும் இனி அந்தப் பென் டிரைவைச் செருக வேண்டாம்.

இன்னொன்று. காலையில் கணினியைப் போட்டால் தேதி சரியாக இருக்கிறதா?

வளவு வீட்டுக்காரி, கானாடுகாத்தான்:

அந்தத் திரை வரவே இல்லை தம்பி. சின்னம் மட்டும்தான்.

தேதியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தினமும் காலையில் 2009 ஜனவரி 1 என்றுதான் காட்டும். நான் கையால் மாற்றுவேன்.

செக்காலை மெக்கானிக், காரைக்குடி:

கணக்கு பத்திரமாக இருக்கிறது. இனி நிதானமாகப் பேசலாம்.

தேதி பின்னால் போவது மதர்போர்டில் உள்ள வட்ட மின்கலம் தீர்ந்ததால். அதன் பெயர் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலும் அது செத்திருக்கும், அதனால்தான் கேட்டேன். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். வங்கித் தளம் திறக்காததற்கு உலவியின் வயது ஒரு காரணம், தேதியை மாற்ற மறந்த நாளில் இது இன்னொரு காரணம். மின்கலத்தை மாற்றியபின் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் தேதியையும், எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையையும் ஒருமுறை சரிசெய்துவிடுங்கள்.

இப்போது விண்டோஸ் 11. அது பழைய கணினிகளைத் தடுப்பது இரண்டு விதம். டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், பட்டியலில் உள்ள செயலி வேண்டும் என்பவை முதல் விதம். இன்டெல் என்றால் அந்தப் பட்டியல் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இதெல்லாம் முகப்பில் நின்று சீட்டுக் கேட்கும் ஆளைப் போல. ரூஃபஸில் அடித்த டிக் அந்த ஆளை ஒதுக்கிவிடும். இரண்டாம் விதம் அப்படி இல்லை. 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸின் கருவே பாப்கவுண்ட் என்ற செயலிக் கட்டளையைப் பயன்படுத்துகிறது. ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று ஒரே அடியில் எண்ணிச் சொல்லும் கட்டளை அது. எஸ்எஸ்இ4.2 என்ற தொகுப்போடு சேர்ந்து வந்தது. உங்கள் இ7500 எஸ்எஸ்இ4.1-ஓடு நின்றுவிட்டது. இல்லாத கட்டளையைக் கேட்டால் செயலி என்ன செய்யும்? கீழே விழுந்து மறுபடி எழுகிறது. நீங்கள் பார்த்த சுழற்சி அதுதான். மதர்போர்டில் குற்றம் இல்லை. எந்த டிக்காலும் செயலிக்குள் ஒரு கட்டளையைச் சேர்க்க முடியாது.

ஆசிரியர் ஐயா சொன்ன வழி உண்மைதான். ஆனால் அது விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு உரியது, குறைந்தது டிபிஎம் 1.2-ஆவது இருக்க வேண்டும். இந்த மேசைக்கணினிக்கு உதவாது.

பழைய 23ஹெச்2 பதிப்பு இதில் தொடங்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுப் பயனாளர்களுக்கு அதன் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பங்காளிகள் பணம் போகும் வங்கிக் கணக்கை அதில் திறக்கக் கூடாது.

மேசைக்கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2 ஜிபியில் ஓடும், 2029 வரை புதுப்பிப்பு உண்டு. கோர் 2 டுவோ 64 பிட் செயலி என்பதால் தடையில்லை. டிடிஆர்2 நினைவகத்தை இன்று யாரும் தேடுவதில்லை, பழைய பெட்டிகளிலிருந்து கழற்றியது கிடைக்கும். 4 ஜிபி ஆக்கிவிட்டால் உலவியில் ஐந்தாறு பக்கம் தாராளமாகத் திறக்கலாம்.

மடிக்கணினியின் மூன்றாம் தலைமுறை ஐ5-இல் எஸ்எஸ்இ4.2-உம் இருக்கிறது, பாப்கவுண்டும் இருக்கிறது. அங்கே அதே பென் டிரைவ் வேலை செய்யும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பழைய டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். இரண்டுக்கும் சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒவ்வொன்று வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். கணினிக்குள் இல்லாத டிஸ்க்கைத் தவறுதலாக யாராலும் அழிக்க முடியாது. வேகமும் எஸ்எஸ்டியால்தான் வரும்.

தேவகோட்டை ஆசிரியர்:

திருத்தியதற்கு நன்றி தம்பி. என்னுடையது விண்டோஸ் 10-இலிருந்து மாறியது, அந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மடிக்கணினிக்கு அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு அம்மா. விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தாலும், பதிவுசெய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

செக்காலை மெக்கானிக், காரைக்குடி:

அதுவும் சரியான யோசனை. எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் எப்படியும் புதிதாக நிறுவ வேண்டும், அதோடு 11-ஐயே போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

உரிமம் பற்றி ஒரு சொல். மடிக்கணினியில் விண்டோஸ் 10 முறையாகச் செயல்படுத்தப்பட்டிருந்தால், இணையம் கிடைத்ததும் 11 தானே செயல்படும். விண்டோஸ் 7-இன் பழைய எண்ணைக் கொண்டு செயல்படுத்தும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். திருட்டு எண் விற்பவர்களிடம் போக வேண்டாம், கணக்கு வைத்திருக்கும் கணினி.

இதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஆதரவில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு தருவோம் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. நான் போட்டுக்கொடுத்த கணினிகளில் மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தவறாமல் வருகிறது. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக வருவதில்லை. அப்போது பென் டிரைவைக் கொண்டு மறுபடி ஏற்ற வேண்டும்.

வளவு வீட்டுக்காரி, கானாடுகாத்தான்:

தம்பி சொன்னபடி பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அப்பச்சியின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். அதற்குமுன் கணக்குக் கோப்புகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன்.

மின்கலம் மாற்றியாயிற்று. லினக்ஸ் மின்ட் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிட்டது. வங்கித் தளம் திறக்கிறது! சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினான், முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் கணக்கைத் திறந்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. பெயர்களும் விவரமும் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துகள். பொருளே இல்லாத எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். நகல் எடுக்கும்போது கெட்டுவிட்டதா? இரண்டு பென் டிரைவிலும் இப்படியே இருக்கிறது.

பள்ளத்தூர் அச்சகம்:

எதுவும் கெடவில்லை ஆச்சி. அரைப்புள்ளிகள் என்று எழுதினீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. இது பாமினி எழுத்துரு. இருபது வருடமாகத் திருமண அழைப்பிதழும் படைப்புப் பத்திரிகையும் இதில்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

பாமினியில் உண்மையில் தமிழ் எழுத்து சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடும். உங்கள் விண்டோஸ் 7-இல் அந்த எழுத்துரு இருந்தது, மின்டில் இல்லை. அவ்வளவுதான்.

பெட்டகத்தில் வைத்த டிஸ்க்கை ஒரே ஒருமுறை வெளியே எடுங்கள். யுஎஸ்பி உறையில் போட்டு இணைத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் இடத்தில் பாமினி கோப்பைத் தேடி நகலெடுங்கள். மின்டில் அதன்மேல் இருமுறை சொடுக்கினால் நிறுவவா என்று கேட்கும். பிறகு மின்டில் கணக்கைத் திறக்கும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளை மூடித் திறங்கள்.

படைப்பு முடிந்தபின் நேரம் கிடைக்கும்போது எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுங்கள். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. நாம்தான் பழக்கத்தை விட முடியாமல் இருந்தோம். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் உண்டு. முழுக் கோப்பையும் ஒரேயடியாக அதில் கொட்டிவிடாதீர்கள். உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும். காசோலைக் குறிப்பில் உள்ள வங்கிக் கிளையின் பெயர், வாகன எண் எல்லாம் உருத்தெரியாமல் போகும். தமிழ் மட்டும் உள்ள நிரல்களை (நெடுவரிசைகளை) ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெயர்ப் பட்டியலை மாற்றியபின் மறுபடி அகரவரிசைப்படுத்துங்கள். பாமினியில் வரிசைப்படுத்தியது ஆங்கில எழுத்தின் வரிசை, அகரவரிசையே அல்ல. எந்தப் பங்குக்கு எதிரே எந்தத் தொகை என்பது இடம் மாறாமல் இருக்க, முதலில் பங்கு எண்ணை ஒரு நிரலில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் அச்சகத்தில் இந்த எண் போடாமல் ஒரு கோயில் நன்கொடைப் பட்டியலை மாற்றி, இரண்டு நாள் கையால் சரிபார்த்தேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

செக்காலை மெக்கானிக், காரைக்குடி:

அச்சகத்து அண்ணன் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. மின்டில் தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு முறையும் இரண்டுமே அதில் இருக்கின்றன.

புதுவயல் கல்லூரி மாணவி:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடக்கிறது. பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7-உம் சேர்ந்து வந்தது. இதில் விண்டோஸ் 11 ஏறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செக்காலை மெக்கானிக், காரைக்குடி:

சிபியு-இசட் என்ற சிறு மென்பொருளை அதில் ஓட்டுங்கள் தங்கச்சி. கட்டளைகள் என்ற வரியில் எஸ்எஸ்இ4.2 இருந்தால் தொடங்கும். 2 ஜிபி நினைவகத்தோடு விண்டோஸ் 11 போட்டால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். அது கேட்பதே 4, நிம்மதியாக ஓட 8 வேண்டும். கூட்ட முடியாதென்றால் மின்டே போதும், படிப்புக்கும் தட்டச்சுக்கும் குறையில்லை.

வளவு வீட்டுக்காரி, கானாடுகாத்தான்:

தமிழ் வந்துவிட்டது.

பாமினி கோப்பை நிறுவி, லிப்ரே ஆபிஸைத் திறந்தவுடன் முதலில் தெரிந்த வரி, அப்பச்சி 2009 தையில் எழுதியது: "இரண்டாங்கட்டு ஓடு மாற்றிய கூலி." அவர்கள் கையால் தட்டிய வரி. சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மடிக்கணினிக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி நினைவகமும் போட்டு, விண்டோஸ் 11 ஏற்றியாயிற்று. உரிமம் தானே வந்துவிட்டது. இப்போது திறக்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. பெரிய பதிப்பு வரும்போது பென் டிரைவ் வேண்டும் என்று சொன்னதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

பங்கு எண் நிரலைப் போட்டுவிட்டேன் அண்ணன். அச்செடுத்த பின்தான் மாற்றியில் கை வைப்பேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 2013-க்குப் பிறகு சில தாள்களில் பாமினி போட்டாலும் எழுத்து ஒழுங்காக வரவில்லை, உயிர்மெய் எல்லாம் இடம் மாறி நிற்கிறது. அப்பச்சி வேறு எழுத்துரு பயன்படுத்தினார்களோ?

பள்ளத்தூர் அச்சகம்:

அப்படித்தான் இருக்கும் ஆச்சி. அந்தக் கட்டத்தின்மேல் சொடுக்கினால் மேலே எழுத்துருவின் பெயர் பெட்டியில் தெரியும், கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும். அந்தப் பெயரை இங்கே எழுதுங்கள். என்னிடம் பழைய எழுத்துருக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, தேடித் தருகிறேன்.