புதுப்பிப்பு: கத்தரி வேர்முடிச்சு, வேப்பம் பிண்ணாக்கு கைகொடுத்தது

போன போகத்தில் கோப்பாய்ச் செம்மண் தோட்டத்துக் கத்தரி மத்தியானத்தில் வாடுது, வேரெல்லாம் முடிச்சு எண்டு படம் போட்டுக் கேட்டிருந்தன். வட்டப்புழுதான் (நெமற்றோடு, மண்ணிலையிருந்து வேரைத் தாக்கிற நுண்புழு) எண்டு கண்டு சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேப்பிலைச் சாறு ஊத்தினன். பெரிய பலன் இல்லை. முடிச்சு விழுந்த வேர் திரும்பாது, சாறும் மண்ணில் கெதியாய் முறிஞ்சு போகும்.

பலிச்சது, நடமுன்னமே வேப்பம் பிண்ணாக்கை மண்ணில் புதைக்கச் சொன்ன அண்ணையின்ரை யோசனை. சதுர மீற்றருக்கு 200 கிராம் தூளைப் போட்டுக் கொத்திப் புரட்டி, ஈரம் காயாமல் இரண்டு கிழமை விட்டுத்தான் நடவேணும். உடனே நட்டால் பிண்ணாக்கு உக்கிற சூட்டில் கன்று கருகும். நாற்றுமேடைக்கும் இதே முறைதான். முடிச்சோடை வாற நாற்றை நட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கடைசிப் பறிப்புக்குப் பிறகு பிடுங்கிப் பாத்தன்: பிண்ணாக்குப் பாத்தியில் அங்கொண்டு இங்கொண்டாய்ச் சின்ன முடிச்சுகள், போடாத பாத்தியில் பழைய கோலம்.

செவ்வந்தியை (மேரிகோல்ட்) வரம்பில் மட்டும் நட்டதால் பக்கத்து வரிசைக்குத்தான் கொஞ்சம் வித்தியாசம். புழுவைக் கொல்லுற பொருள் அதின்ரை வேரில் இருக்கு. பாத்தி முழுக்க நெருக்கி வளர்த்துப்போட்டு, அதுக்குப் பிறகு கத்தரி வைக்கிறதுதான் சரி.

எதிர்பாராதது ஒண்டு: பிண்ணாக்கின்ரை நைதரசனால் இலை மதாளிச்சு, பூ பிந்திச்சுது. யூரியாவைக் குறைச்ச பிறகுதான் காய் பிடிச்சது.

பயற்றை வேரில் முடிச்சைக் கண்டு பயப்பிடாதேங்கோ. நல்ல முடிச்சு (காற்றின்ரை நைதரசனைப் பிடிச்சுக் குடுக்கிற பக்றீரியா இருக்கிறது) விரலால் உரசக் கழரும், புழு முடிச்சு கழராது.