குட்டி கிளப்புகளின் கோப்பையில் பெரிய கிளப்பின் பையன்கள் எதற்கு?

கரும்புக்காடு:
நம்ம தென்னாப்பிரிக்காவின் பெரிய கிளப்புகளுடைய ரிசர்வ் அணிகள் டிஸ்கி சேலஞ்ச் என்ற தனிப் போட்டியில் ஆடுகின்றன. அவற்றையும் நம்ம இரண்டாம் டிவிஷன் கிளப்புகளையும் சேர்த்து ஒரு கால்பந்துக் கோப்பை நடத்தலாம் என்று உம்கேனி அண்ணன் எழுதியிருந்தார். முன்மாதிரி என்று அவர் காட்டியது இங்கிலாந்தின் ஈ.எஃப்.எல் டிராஃபி. 2016ல் அந்த டிராஃபியை என்ன பண்ணினார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வருவோம்.

மூன்றாம், நான்காம் டிவிஷன் கிளப்புகளுக்கென்றே 1983-84ல் தொடங்கிய கோப்பை அது. மாற்றத்துக்கு முந்தைய வடிவத்தில் 48 கிளப், தோற்றால் வெளியே. முதல் சுற்றில் 32 கிளப் ஆடும், மீதி 16 நேரே இரண்டாம் சுற்றுக்குப் போகும். வடக்கு, தெற்கு என்று பிரித்து நடக்கும், அந்தந்தப் பகுதியின் இறுதி மட்டும் இரண்டு ஆட்டம். எல்லாம் சேர்த்து 49 ஆட்டம்.

2016-17ல் மேல் டிவிஷன் கிளப்புகளின் 16 அகாடமி அணிகளை, அதாவது அவர்களுடைய இளைஞர் அணிகளை, உள்ளே விட்டார்கள். 64 அணி, நாலு நாலாக 16 குரூப். குரூப்பில் மட்டும் 96 ஆட்டம், அதன் பிறகு 31. ஆக 127. கீழ்டிவிஷன் கிளப்புகள் ஒன்றுகூட அதிகமாகவில்லை, ஆட்டம் மட்டும் இரண்டரை மடங்கு. யாருக்காக மாற்றினார்களோ அந்த ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் மூன்றும் முதல் ஆண்டு அழைப்பையே ஏற்கவில்லை. ரசிகர்கள் பி டீம் பாய்காட் என்று இயக்கம் நடத்தி மைதானத்துக்குப் போகாமல் இருந்தார்கள். இதையா நாம் டர்பனுக்குக் கொண்டுவர வேண்டும்?

உம்கேனி:
தம்பி, 127 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு கிளப்பின் கணக்கைப் பாருங்கள். பழைய முறையில் முதல் சுற்றிலேயே வெளியூரில் தோற்றால் சொந்த மைதானத்தில் ஒரு டிக்கெட்கூட விற்காமல் கோப்பை முடிந்துவிடும். இப்போது மூன்று ஆட்டம் உறுதி. அகாடமி அணி குரூப் ஆட்டங்களை வெளியூரில்தான் ஆடுகிறது, அதனால் ஒவ்வொரு லீக் கிளப்புக்கும் இரண்டு ஆட்டம் சொந்த மண்ணில். 2016-17ல் குரூப்பில் ஒரு வெற்றிக்கு 10,000 பவுண்டு, சமன் என்றால் 5,000. நாலாம் டிவிஷன் கிளப்புக்கு அது சம்பளக் கணக்கில் தெரியும் தொகை.

அகாடமி அணிக்கும் கடிவாளம் உண்டு. முதல் பதினொன்றில் 6 பேர் 21 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். வயது கடந்து, 40 சீனியர் ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. கோப்பையை யாரும் வாரிக்கொண்டு போய்விடவில்லை. 2018ல் செல்சி பையன்கள் அரையிறுதி வரை வந்தார்கள், லிங்கனிடம் பெனால்டியில் தோற்றார்கள். லிங்கன்தான் அந்த ஆண்டு கோப்பையும் வென்றது.

ரசிகர்கள் ஒதுங்கினார்கள் என்கிறீர்கள். 2019 இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளியில் 85,021 பேர். 1988ல் உல்வ்ஸும் பர்ன்லியும் மோதியபோது வந்த 80,841ஐ அது தாண்டியது. புதிய வடிவத்தில்தான் தாண்டியது.

கரும்புக்காடு:
அந்த 85,021 பேரும் போர்ட்ஸ்மத்துக்கும் சண்டர்லாண்டுக்கும் வந்தவர்கள். இரண்டுமே பெரிய ஊர், பெரிய ரசிகர் கூட்டம், கெட்ட காலத்தில் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தவை. வடிவம் எதுவாக இருந்தாலும் அந்த ஜோடி வெம்ப்ளியை நிரப்பியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு லிங்கன், ஷ்ரூஸ்பரி இறுதிக்கு 41,261 பேர்தான். இறுதி ஆட்டக் கூட்டத்தை வைத்து அக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை குரூப் ஆட்டத்தை அளக்காதீர்கள்.

பணக் கணக்கிலும் மறுபக்கம் இருக்கிறது. பலவீனமான அணியை இறக்கியதற்காக முதல் ஆண்டிலேயே 12 கிளப்புக்கு அபராதம். லூட்டன், போர்ட்ஸ்மத் ஒவ்வொன்றும் 15,000 பவுண்டு, மற்ற பத்தும் ஆளுக்கு 3,000. லூட்டன் தன் சொந்த அகாடமிப் பையன்களை இறக்கியது, அந்த ஆண்டு அரையிறுதி வரையும் போனது. இளைஞர்களை வளர்க்கத்தான் இந்த மாற்றம் என்றார்கள். பெரிய கிளப்பின் இளைஞன் ஆடினால் வளர்ச்சி, சின்ன கிளப்பின் இளைஞன் ஆடினால் அபராதமா?

பின்காவல்:
அபராதம் பற்றி கரும்புக்காடு சொன்னது சரி, விதியின் ஓட்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் தொடங்கும் பதினொருவரில் 5 பேர் முதல் அணிக்காரர்களாக இருந்தால் போதும் என்று இருந்தது. பிராட்ஃபோர்ட் என்ன செய்தது? பரி அணிக்கு எதிராக முதல் கோல்கீப்பர் காலின் டாய்லை இறக்கி, மூன்றாவது நிமிடத்திலேயே வெளியே கூப்பிட்டுக்கொண்டது. எண்ணிக்கை சரியாகிவிட்டது, கீப்பருக்கும் ஓய்வு கிடைத்தது. அடுத்த ஆண்டு விதியைத் திருத்தினார்கள்: கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்காமல் 4 பேர். முந்தைய அல்லது அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்து ஆடியவர், அந்தப் பருவத்தில் அதிக ஆட்டம் ஆடிய பத்துப் பேரில் ஒருவர், 40 சீனியர் ஆட்டம் கண்டவர் என்று பல வழிகளில் தகுதி பெறலாம். நம்ம ஊரில் கொண்டுவந்தால் இந்தத் திருத்தப்பட்ட விதியிலிருந்து தொடங்க வேண்டும், பழையதிலிருந்து அல்ல.

ஆனால் இந்த வடிவத்தில் எனக்குப் பெரிய குறை அகாடமி அல்ல, புள்ளி முறை. 90 நிமிடத்தில் சமன் என்றால் ஆளுக்கு 1 புள்ளி, உடனே பெனால்டி, ஜெயித்தவருக்குக் கூடுதலாக 1. பார்க்க நன்றாக இருக்கிறது. 85வது நிமிடத்தில் 1-1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லீக்கில் சமனுக்கு 1 புள்ளி. துணிந்து ஏறி ஆடினால் பாதி வாய்ப்பு 3, பாதி வாய்ப்பு 0, சராசரி ஒன்றரை. ஆகவே ஏறி ஆடுவது லாபம். இங்கே சமனாக விட்டாலே 1 நிச்சயம், இன்னொன்றுக்குப் பாதி வாய்ப்பு. அதுவும் ஒன்றரைதான். ஏறினாலும் ஒன்றரை, நின்றாலும் ஒன்றரை. எந்தப் பயிற்சியாளர் பின்காவலைத் திறந்துவிடுவார்? கடைசி ஐந்து நிமிடத்தை இந்தப் புள்ளி முறையே கொன்றுவிடுகிறது.

உம்கேனி:
நல்ல கணக்கு, ஆனால் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டால்தான் அது நிற்கும். கீப்பர் பலவீனமான அணிக்கும், பெனால்டி அடிக்க ஆள் இல்லாத அணிக்கும் சமன் ஒன்றரை ஆகாது. ஒன்றேகால்தான் என்றால் அவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும். அகாடமி அணிகளில் ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் பெனால்டி அடித்துப் பழகாத பையன்கள் அதிகம். அந்தப் பதற்றத்தைப் பழகத்தான் இங்கே வருகிறார்கள்.

பின்காவல்:
அவர்கள் ஏறினால் எதிரணி இன்னும் பின்னால் போகும், அண்ணே. அவர்களுக்குத்தான் பெனால்டி சாதகமாயிற்றே. ஒரு பக்கத்துக்கு ஆசை வந்தால் மறுபக்கத்துக்கு அச்சம் வருகிறது. பெனால்டி வேண்டும் என்றால் 90 நிமிட வெற்றிக்கு 4 புள்ளி கொடுங்கள். ஏறினால் சராசரி 2, நின்றால் ஒன்றரை. பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. நாலு பேரில் இரண்டு பேர் தேறும் குரூப்பில் முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தால் 6 புள்ளி, தேறிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஏ அணி பி, சி இரண்டையும் வென்றிருக்கட்டும். பி டி-யை வெல்ல, டி சி-யை வெல்ல, கடைசியில் டி ஏ-யையும் பி சி-யையும் வென்றால் மூன்று பேருக்கும் 6 புள்ளி. ஒருவர் கோல் வித்தியாசத்தில் வீட்டுக்குப் போவார். ஆகவே கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒன்று முன்னால் நடந்தால், பின்னால் ஆடுபவருக்கு எத்தனை கோல் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆறாம் எண்:
புள்ளிக் கணக்கு சரி, பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2014ல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் டைக்கின் குழு, பெரிய கிளப்புகளின் பி அணிகளை வைத்து லீக் த்ரீ என்று புது டிவிஷன் தொடங்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பி அது நின்றுபோனது. இரண்டு ஆண்டில் அதே பையன்கள் டிராஃபி வழியாக வந்தார்கள். கோப்பையில் விட்டால் அடுத்தது லீக்தான் என்று ரசிகர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

நம்ம நாட்டில் கீழ்க் கிளப்பின் இருப்பே லேசானது. நம்ம முதல் டிவிஷன் லீக்கான பி.எஸ்.எல்லின் முதல் பட்டத்தை 1996-97ல் வென்றது டர்பன் சாட்ஸ்வொர்த்தின் மானிங் ரேஞ்சர்ஸ். பத்து ஆண்டு கழித்து அதன் லீக் இடம் விற்கப்பட்டு, அணி கேப் டவுனுக்குப் போய்விட்டது. இடத்தையே காசுக்கு வாங்கி விற்கிற நாட்டில் ரிசர்வ் அணிக்கு ஒரு கதவைத் திறந்தால், அடுத்த கதவுக்கு விலை பேச ஆள் வந்துவிடும்.

சின்ன கிளப்புக்கு எது பலன் தந்தது என்று பார்த்தால், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் சேர்ந்து ஆடும் நம்ம நெட்பேங்க் கோப்பை. 32 அணி, தோற்றால் வெளியே, ஐந்து ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. 2019ல் இரண்டாம் டிவிஷனில் இருந்த டி.எஸ். கேலக்ஸி, நம்ம டர்பன் மோசஸ் மபிடா மைதானத்தில் பெரிய கிளப்பான கைசர் சீஃப்ஸை 1-0 என்று வீழ்த்தியது. கடைசி நேரத்து பெனால்டி, அடித்தவர் ஸாக்கேலே லெபாசா. ஆப்பிரிக்கப் போட்டிக்கும் அதனால் இடம் கிடைத்தது. குரூப் முறையில் சீஃப்ஸுக்குத் தவறைத் திருத்திக்கொள்ள இன்னொரு ஆட்டம் இருந்திருக்கும்.

உம்கேனி:
கேலக்ஸி ஜெயித்தது, மகிழ்ச்சி. அதே ஆண்டு முதல் சுற்றில் தோற்ற 16 கிளப்புக்கும் ஒரே ஆட்டத்தோடு சரி. அவர்களுக்கு என்ன பதில்?

கரும்புக்காடு:
அதற்கு ஒரு வழி உண்டு. ரிசர்வ் அணி வேண்டாம், குரூப்பை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் 48 கிளப்பை மூன்று மூன்றாக 16 குரூப் ஆக்கினால் ஒவ்வொருவருக்கும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. குரூப்பில் 48 ஆட்டம், முதலிடம் மட்டும் அடுத்த சுற்றுக்கு, அப்புறம் 15. மொத்தம் 63.

பின்காவல்:
மூன்று அணி குரூப்பில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் தேறுவதாக இருந்தால், ஆடுகிற இருவரும் தங்களுக்கு வசதியான முடிவை எடுத்துக்கொள்ள முடியும். 1982 உலகக் கோப்பையில் நாலு அணி குரூப்பிலேயே இது நடந்தது: அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருக்க, மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஸ்பெயினின் கிஹோனில் 1-0 என்று வைத்துக்கொண்டு நடந்தார்கள். 2026 உலகக் கோப்பைக்கும் மூன்று அணி குரூப் என்று ஃபிஃபா முதலில் சொல்லி, 2023ல் நாலு அணிக்கே மாற்றியது. ஆனால் நீங்கள் சொல்வதுபோல முதலிடம் மட்டும் தேறினால் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே முடிவு நல்லதாக இருக்க முடியாது. முதல் ஆட்டத்தில் தோற்றவரை இரண்டாவது ஆட்டத்திலேயே ஆடவையுங்கள், கடைசி ஆட்டம் உயிரோடு இருக்கும்.

உம்கேனி:
இது ஏற்கக்கூடிய வடிவம். என் ரிசர்வ் அணி யோசனையை இந்தக் கோப்பைக்கு வலியுறுத்தவில்லை. டிஸ்கி பையன்களைச் சின்ன கிளப்புக்குக் கடனாக அனுப்பினால் அதே அனுபவம் கிடைக்கும், சின்ன கிளப்புக்கும் ஆள் கிடைக்கும்.

ஆனால் செலவைப் பாருங்கள். 2016 மாற்றத்தோடு பிரீமியர் லீக் பணமும் இங்கிலாந்து கிளப்புகளுக்கு வந்தது. அகாடமியைத் தள்ளினால் அந்தப் பணத்தையும் யாராவது ஈடு செய்ய வேண்டும். நமக்கோ தூரம் வேறு. டர்பனிலிருந்து கேப் டவுன் 1,600 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் போய் மறுநாள் ஆட முடியாது. நம்ம இரண்டாம் டிவிஷனின் 16 கிளப்போடு கீழிருந்து இரண்டு கிளப்பைச் சேர்த்தால் மூன்று மூன்றாக ஆறு குரூப் வரும். குவாசுலு நட்டால், கேப், கௌடெங் என்று மாகாணவாரியாகப் பிரிக்கப் போனால் கௌடெங்கில்தான் கிளப் குவியும், மற்ற இடத்தில் மூன்று சேராது.

ஆறாம் எண்:
அப்படியானால் மாகாண எல்லையை விடுங்கள், சாலைத் தூரத்தை வைத்துப் பிரியுங்கள். வெளியூர் ஆட்டத்துக்கு 600 கிலோமீட்டர் உச்சவரம்பு வைத்தால் டர்பன் கிளப்பை ஜோஹானஸ்பர்க் கிளப்போடு சேர்க்கலாம், என் 3 சாலையில் ஒரே நாள் பயணம். கேப் கிளப் மூன்று சேராவிட்டால் அந்தக் குரூப்பை மட்டும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய் என்று நடத்தலாம். அங்கே உள்ளூர் ஆட்டத்தின் டிக்கெட் வருமானம் மூன்று கிளப்புக்கும் சமமாகப் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர் கிளப்புக்கு மட்டும்தான் லாபம்.