ஹந்து தண்ணியில பீக்கன்: இறால் விடுமா?

கலங்கல்தண்ணி: "அக்கூஸ்டிக் பீக்கனை (தண்ணிக்குள்ள சத்தம் அனுப்புற கருவி) படகுல தொங்கவிட்டா போதும், காம்பஸைத் தூக்கிப் போட்டுடலாம், சிங்கப்பூர் புலாவ் ஹந்து தீவுல டைவ் அடிச்சிட்டுக் கண்ணை மூடிட்டே திரும்பி வரலாம்"னு போன வாரம் ஒருத்தர் அளந்துவிட்டாரு. படிச்சதுலேர்ந்து எரியுது. நம்ம கடல்ல சொடக்கு இறால் போடுற சத்தம் 2 கிலோஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 200-ஐத் தாண்டிப் போவுது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்யுஎஸ்ல வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. பீக்கன் எந்த மூலையில கத்தும்?

படகுக்காரன்: அளந்தது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். டைவர்கிட்ட இருக்கிற ரிசீவர் தன் அலைவரிசையை மட்டும்தான் கேக்கும். விமானக் கறுப்புப் பெட்டி 37.5 கிலோஹெர்ட்ஸ்ல பிங் அடிக்குதே, அதைத் தேடலையா?

கலங்கல்தண்ணி: ஆழ்கடல்ல இறால் எங்க இருக்கு? அது ஆழமில்லாத சூடான தண்ணியில, பவளப் பாறையில இருக்கிறது. அதாவது ஹந்துல. இறாலுக்குப் பதில் சொல்லுங்க.

ஈசூன்மீனா: ஒரு நிமிஷம், படகு இருக்கிற திசையைக் காட்டுற கருவியா, இல்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு மேப்ல காட்டுறதா? எதைப் பத்திப் பேசுறீங்க?

தெம்பனீஸ்குமார்: என் வாட்ச்லயே ஜிபிஎஸ் இருக்கு, இதுக்கு எதுக்கு சண்டை?

படகுக்காரன்: குமாரு, ஜிபிஎஸ் சிக்னல் கடல்தண்ணிக்குள்ள சில சென்டிமீட்டர் கூட ஒழுங்கா எறங்காது. குதிச்ச எடம், மேல வந்த எடம், அவ்ளோதான் காட்டும். கலங்கல் சாருக்கு: 3 மீட்டர் தெரிஞ்சாலே கொண்டாடுற எடம் அது. காம்பஸ் வடக்கைக் காட்டும், நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டுல தள்ளுறதைக் காட்டுமா? பீக்கன் தள்ளத் தள்ளத் திசையைத் திருத்திக் காட்டும்.

கலங்கல்தண்ணி: இறால்.

ரிட்டயர்டுடைவர்: நாங்க என்எஸ்ல (தேசிய சேவையில) காம்பஸும் கயிறும் வச்சு ராத்திரியில போயிட்டு வந்தோம் லா. இப்போ வெள்ளியைக் கொட்டி பொம்மை வாங்குறாங்க. படகுலேர்ந்து சிலிண்டரைத் தட்டுனா கேக்காதா?

படகுக்காரன்: கேக்கும் அண்ணே, எந்தப் பக்கம்னு தெரியாது. தண்ணிக்குள்ள சத்தம் செகண்டுக்கு 1500 மீட்டர் போவுது, ரெண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்துடும். அதுக்குத்தான் ரிசீவர்.

ரிட்டயர்டுடைவர்: எனக்கே பாடமா?

கலங்கல்தண்ணி: பாடம் எடுக்கிறவரு இறாலை மட்டும் தாண்டிக் குதிக்கிறாரு பாருங்க. ஆயிரக்கணக்கான கொடுக்கு ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிற சத்தத்துல

படகுக்காரன்: கொடுக்கு அடிச்சுக்கிற சத்தமே இல்ல அது! கொடுக்கு மூடுற வேகத்துல குமிழி உண்டாகி அது உடையுற சத்தம், 2000-லயே கண்டுபிடிச்சாச்சு. இறாலைப் பத்தியே தெரியாம இறால் இறால்னு.

கலங்கல்தண்ணி: குமிழியோ கொடுக்கோ, சத்தம் சத்தம்தானே? ஓசி டார்ச்சைத் தியோமான் தீவுல வாங்கிட்டுத் திருப்பித் தராதவரு எனக்கு விஞ்ஞானம் சொல்லித் தர்றாரு.

படகுக்காரன்: டார்ச்சு ஓரிங் (தண்ணி புகாம தடுக்கிற ரப்பர் வளையம்) பிஞ்சு தண்ணி குடிச்சது. குடுத்தப்பவே பிஞ்சிருந்துச்சு.

ஈசூன்மீனா: என் கேள்வி அப்படியே கெடக்கு.

தெம்பனீஸ்குமார்: அப்ப நான் வாட்ச்சை விக்கணுமா?

கலங்கல்தண்ணி: ஓரிங்குக்கு கிரீஸ் போடத் தெரியாதவங்க கையில பீக்கனைக் குடுத்தா அதுவும் தண்ணி குடிக்கும். 50 மீட்டர் தள்ளி, பாறைக்குப் பின்னாடி, இறால் கத்துறப்ப உங்க பிங் கேக்குமா கேக்காதா? அதைச் சொல்லுங்க.

படகுக்காரன்: மொதல்ல டார்ச்சுக்கு பில் காட்டுங்க.