அம்மாவுக்கு இடுப்பு வலி: எந்த மெத்தை வாங்குவது?

வைகைக்கரை:
அம்மாவுக்கு வயது 66. காலையில் எழுந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் வலி பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, படுக்கையைக் கவனியுங்கள் என்றார். இப்போது இருப்பது 4 அங்குல ஃபோம் மெத்தை. நடுவில் குழி விழுந்திருக்கிறது. கட்டில் பழைய இரும்புக் கட்டில். அம்மா ஒருக்களித்துத்தான் படுப்பார். மதுரை வெயில், வீட்டில் ஏசி கிடையாது. சொந்தக்காரர்கள் தரையில் படுக்கச் சொல்கிறார்கள், கடைக்காரர் மெமரி ஃபோம் வாங்கச் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது.

கயிற்றுக்கட்டில்:
காசு கொடுப்பதற்கு முன், குழி மெத்தையிலா கட்டிலிலா என்று பாருங்கள் தம்பி. மெத்தையை இறக்கித் தரையில் விரித்து, குறுக்கே நேரான கம்பு ஒன்றை வையுங்கள். நடுவில் கம்புக்கு அடியில் கை நுழைந்தால் மெத்தை போய்விட்டது. சமமாக இருந்தால் கட்டிலின் பட்டைகள்தான் தொய்ந்திருக்கின்றன. தொய்ந்த கட்டிலில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும் குழியத்தான் செய்யும்.

இயன்முறையாளர்:
தரை வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்று அமிழ வேண்டும். அமிழாவிட்டால் முதுகுத்தண்டு வளைந்தே கிடக்கும். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இன்றிரவே பலன் தெரியலாம். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ மறுபடியும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

போடிக்காரன்:
மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி, அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத மதுரை வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். எங்கள் போடியின் பெருமையே இலவம்பஞ்சு மெத்தைதான். குளிர்ச்சிக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் நாளாக ஆகப் பஞ்சு கட்டிதட்டும். அடிக்கடி வெயிலில் போட வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை அடித்து, மறுபடி தைக்க வேண்டும். அந்தக் கனத்தை அம்மாவால் தூக்க முடியாது. ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தையில் காற்று ஓடும், ஆனால் அது மட்டும் என்றால் கெட்டி. அதன்மேல் 2 அங்குல லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்கு வைத்தது உங்களுக்குச் சரியாக வரும். அம்மாவைக் கடைக்கே அழைத்துப் போங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பின்னால் நின்று பாருங்கள்: கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை.

வைகைக்கரை:
கம்பு வைத்துப் பார்த்தேன் அண்ணா, மெத்தை குழிதான். கட்டிலிலும் நடுப் பட்டை ஒன்று வெல்டிங் விட்டுத் தொங்குகிறது. பற்றவைத்து, மேலே பிளைவுட் போடப் போகிறேன். நார், லேடெக்ஸ் சேர்ந்ததையே பார்க்கிறோம். 6 அங்குலம் வாங்கலாமா?

கயிற்றுக்கட்டில்:
அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். பிளைவுட்டின் தடிமனையும் கணக்கில் சேருங்கள். பலகையில் ஆங்காங்கே துளை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஈரம் தங்கிப் புது மெத்தையில் பூஞ்சை பிடித்துவிடும்.